வாடகை குறைந்த வீடு

ஒன்றாம் தேதி காலைகளில் ஆவடியிலிருந்து கிளம்பும் லோக்கல் ரயிலில் சண்டை இருக்காது. ஜன்னலோரத்துக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. உட்கார்ந்தவர்களும் நின்றவர்களும் குனிந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரீட்சை முடிவு வருகிற நாளின் அமைதி அது. அந்த மாதத்து வாடகை எவ்வளவு என்பது அன்று காலைதான் வரும்.

தரணிதரன் கதவோரத்துக் கம்பியைப் பிடித்தபடி செய்தியைத் திறந்தான். பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தான். வாடகை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கற? ஏத்திட்டானா?" என்று எபினேசர் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். எபினேசருக்கு ரகசியம் என்பது வயிற்றில் தங்காத சாப்பாடு. "யப்பா! டேய், எல்லாரும் இங்க பாருங்க. இவன் வீட்டு வாடகைய! மச்சான், என்ன வித்தைடா பண்ண? எனக்கும் சொல்லிக் குடு."

"ஒண்ணும் பண்ணல. எல்லாரும் பண்றதுதான்."

"எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்றேன். எனக்கு மட்டும் ஏறுது. எம்பொண்டாட்டி சும்மா இருந்தாத்தானே? பக்கத்து வீட்டுக்காரி தலைக்கு எண்ணெய் தேச்சிவிடறா. அப்புறம் எங்கேர்ந்து குறையும்?"

பெட்டி முழுவதும் சிரித்தது. யாரோ ஒருவர் பிரியாணி கேட்டார். தரணிதரனும் சிரித்தான். நெடுநாள் கழித்து மூச்சு நெஞ்சின் அடிவரைக்கும் போய்வந்ததுபோல் இருந்தது.

எல்லாரும் பண்றது என்று அவன் சொன்னதற்கு அந்த ஊரில் விளக்கம் தேவையில்லை. நான்கைந்து வருடங்களுக்கு முன் அடுக்குமாடி வீடுகளில் வாடகைமானி வந்தது. தரைக்கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு, வாசற்கதவில் ஒன்று, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஒவ்வொன்று. படம் எடுக்காது, பேச்சைக் கேட்காது, சட்டம் விடாது. குடியிருப்பவர் எங்கே நடக்கிறார், எங்கே நிற்கிறார், யாரோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் அதற்குத் தெரியும். அதிலிருந்து ஒரே ஒரு கணக்குப் போடும்: இந்த ஆள் வீட்டைக் காலிசெய்து போவானா, மாட்டானா?

போய்விடுவான் என்று தோன்றினால் வாடகையைக் குறைக்கும். வீடு பூட்டிக் கிடப்பதைவிடக் குறைந்த வாடகை மேல் அல்லவா? போகமாட்டான், வேர்விட்டுவிட்டான் என்று தெரிந்தால் ஏற்றும். மனிதர்களும் லேசுப்பட்டவர்களா? ஒரே வருடத்தில் ஊர் முழுக்கப் புறப்படப்போகிறவர்களைப்போல வாழக் கற்றுக்கொண்டது. சுவரில் ஆணி அடிப்பதில்லை. சாமி படம் தரையில் சாய்ந்து நின்றது. வாசலருகே எந்நேரமும் பெட்டிகள். இருட்டில் தடுமாறாமல் நடந்தால் பழகிவிட்டான் என்று மானி நினைக்கும் என்பதற்காக நடுராத்திரியிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். கல்யாணமாகி நேராக இந்த வீட்டுக்கு வந்த தரணிதரனும் சுடர்விழியும் குடிவந்த அன்று பால்கூடக் காய்ச்சவில்லை. சுடர்விழியின் அம்மா ஒவ்வொரு தடவை பேசும்போதும் கேட்பாள். சுடர்விழி ஒவ்வொரு தடவையும் "காய்ச்சியாச்சும்மா, நல்லாப் பொங்கிச்சு" என்று பொய் சொல்வாள்.

சேர்ந்து உட்கார்ந்து பேசுவதைத்தான் மானி பெரிய வேராக எடுத்துக்கொள்ளும் என்று ஊரில் பேச்சு. ஆகவே ஒருவர் கூடத்துக்கு வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவது என்று முடிவுசெய்தார்கள். சாப்பாடு தனித்தனி. பேச வேண்டியதை மொட்டைமாடியில் பேசிக்கொள்ளலாம். அங்கே தகடு கிடையாது. ஆரம்பத்தில் அது ஒரு விளையாட்டாக இருந்தது. மாடிப்படியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறுவார்கள். பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தபடி அன்றைய நாள் முழுவதையும் கொட்டுவார்கள். பிறகு மழைக்காலம் வந்தது. மொட்டைமாடிக் கதவைப் பூட்டினார்கள். மழை விட்டதும் திறந்தார்கள். அதற்குப் பிறகு இவர்கள் போகவில்லை. ஏன் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

தரணிதரனுக்கு மௌனம் பிடிக்கும். அதனால் அந்த மௌனத்தில் ஏதோ குறைகிறது என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

*

சாயங்காலம் அவன் திரும்பி வந்தபோது ரெஜினா அக்கா கீழே தண்ணி லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவள். ஒன்றாம் தேதியன்று கண்ணில் படுகிறவர்களை எல்லாம் கேட்பதுபோல அவனையும் கேட்டாள்.

"என்ன தம்பி, ஏறுச்சா எறங்குச்சா?"

"எறங்குச்சுக்கா." அவன் பெருமையோடு கைபேசியை நீட்டினான்.

ரெஜினா எண்ணைப் பார்த்தாள். லாரிக்காரன் ஏதோ சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சங்க அலுவலகம் என்று பெயர்கொண்ட படிக்கட்டடி அறையைக் காட்டினாள். உள்ளே தொலைக்காட்சியில் ஒருவர், சென்னைப் புறநகரில் வாடகைகள் தொடர்ந்து சரிவதாகவும் நடுத்தரக் குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். ரெஜினா அவர் வாயை அடைத்தாள்.

"நடிப்புக்கு இவ்வளவு குறையாது தம்பி."

"புரியலக்கா."

"பெட்டி வைக்கிறது, லைட்டு போடறது, இதையெல்லாம் அது கண்டுக்கறதே இல்லை. ஊர் பூராத்தான் பெட்டி வச்சிருக்கு. அது என்ன பச்சைப் புள்ளயா? நான் ஒருதடவை அந்த மானிக்காரங்க ஆபீஸ்ல போய்ச் சண்டை போட்டேன். அங்க ஒரு பொண்ணு பாவம்னு உண்மையச் சொல்லிச்சு. நீங்க செய்யறதை அது பாக்கறதில்லை ஆன்ட்டி, செய்யறோம்னு உங்களுக்கே தெரியாததைத்தான் பாக்குதுன்னுச்சு."

"அப்படின்னா?"

"ஒருத்தர் வந்ததும் இன்னொருத்தர் எழுந்து போறது நடிப்பு. அது அதுக்குத் தெரியும். ஏன்னா நடிக்கிறவங்க எழுந்து போய், பக்கத்து ரூம்ல செவுத்துக்கு அந்தாண்டையே நிப்பாங்களாம். பேசாட்டியும் பக்கத்துலயே நிப்பாங்களாம். நிஜமா விட்டுப் போனவங்க வீட்டோட அந்தக் கோடிக்குப் போயிடுவாங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்ணு சொல்லிச்சு. செருப்பை மாட்டிக்கிட்டு வாசக்கதவுக்கு உள்ள வந்து நிக்கிறது. திறக்காம. சும்மா. ரொம்ப நேரம்."

தரணிதரன் கைபேசியில் அந்த எண்ணை மறுபடி பார்த்தான்.

"என் வீட்டு வாடகை இந்தக் கட்டடத்துலயே கம்மி. தெரியும்ல? ஒரு மாசம் திடீர்னு இதே மாதிரி பாதாளத்துக்குப் போச்சு. நான் பிளம் கேக் வாங்கிட்டு வந்து வெட்டினேன். எங்க வீட்டுக்காரர் அந்தோணியும் ஒரு துண்டு சாப்பிட்டார். நல்லாருக்குன்னார். அடுத்த வாடகை வர்றப்ப ஆள் இல்ல."

"அது மெஷின்தானேக்கா. தப்பாவும் சொல்லும்."

"சொல்லட்டுமே. தப்பா சரியான்னு கேக்கறதுக்கு உன் வீட்ல இன்னும் ஆள் இருக்கு. எனக்குப் புரிஞ்சப்ப கேக்க ஆள் இல்ல." அவள் எழுந்தாள். "போ. லாரிக்காரன் பாதித் தண்ணியோட ஓடிருவான்."

*

வீட்டில் சுடர்விழி இன்னும் வரவில்லை. திருமுல்லைவாயலில் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் அவளுக்கு வேலை.

தரணிதரன் வாசலுக்கு உள்ளே, கதவைப் பார்த்தபடி நின்றான். காலையில் அவன் முதலில் கிளம்பிவிடுவான். அவள் பின்னால் கிளம்புவாள். இடைப்பட்ட நேரத்தில் இந்த இடத்தில் அவள் நிற்கிறாளா? அவன் நிற்பதில்லை. அவனைப்பற்றி அவனுக்குத் தெரியும். ரயிலுக்கு ஓடுகிறவனுக்குக் கதவுக்கு முன் நிற்க நேரம் ஏது?

பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. நீலம் அவனுடையது, சிவப்பு அவளுடையது. குடிவந்த வாரத்தில் இருவரும் சேர்ந்து அவற்றை அங்கே வைத்தார்கள். இரண்டும் காலி. காலிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்துவிட்டு அன்று அவள் விழுந்து விழுந்து சிரித்தது அவனுக்கு நினைவிருந்தது.

நீலப் பெட்டியைத் தூக்கினான். காற்றைத் தூக்கியதுபோல் வந்தது.

சிவப்புப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். அது தரையைவிட்டு லேசில் எழவில்லை.

திறந்து பார்க்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தான். எதிரே வெறும் சுவர். குளிர்பதனப் பெட்டியின்மேல் மல்லாந்து கிடந்த கடிகாரம் கூரைக்கு நேரம் காட்டிக்கொண்டிருந்தது. அவளோடு கடைசியாக எதைப்பற்றிப் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தான். எரிவாயு. தண்ணீர் மோட்டார். அதற்கு முன்? நினைவின் அந்தப் பக்கத்தில் சுவர்தான் இருந்தது.

கதவு திறந்தது. சுடர்விழி செருப்பைக் கழற்றினாள். வழக்கப்படி அவன் எழுந்து பால்கனிக்குப் போயிருக்க வேண்டும். எழவில்லை. அவள் அவனையும் பால்கனியையும் பார்த்துவிட்டு, விரலால் தரையைச் சுட்டிக்காட்டினாள். மானி.

"இருக்கட்டும்," என்றான். வீட்டுக்குள் தன் குரல் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியாது. "சுடர், நீ போகப்போறியா?"

அவள் கைப்பையை வைக்க இடம் தேடுகிறவளைப்போல நின்றாள். சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள்.

"திறந்தியா?"

"இல்ல. தூக்கினேன்."

நீண்ட மௌனம். அவன் விரும்பிய வகை மௌனம் அல்ல அது. ஏரிப் பக்கமிருந்து ஏதோ ஒரு பறவை கத்தி ஓய்ந்தது.

"ஆடியில எடுத்து வச்சேன்," என்றாள். "அப்புறம் பாதிய எடுத்துட்டேன். அப்புறம் திரும்ப வச்சேன்."

"எங்க போறதா?"

"அக்கா வீட்டுக்கு. திருவள்ளூருக்கு." தோளைக் குலுக்கினாள். "எங்கேன்னு பெரிசா யோசிக்கல. டெய்லி காலைல செருப்ப மாட்டிட்டு நிப்பேன். இன்னிக்குப் பெட்டியோட போலாமா, பெட்டி இல்லாம போலாமான்னு. அப்புறம் லேட்டாயிடும். பெட்டி இல்லாம போயிடுவேன்."

"நாம நடிச்சிட்டிருந்தோம்னு நினைச்சேன்."

"நானும்தான் நினைச்சேன்! நீ நடிக்கிறியா, நிஜமாவே எங்கூடப் பேச ஒண்ணும் இல்லையான்னு எனக்கு ஒரு கட்டத்துக்கு மேல தெரியல தரணி. கேக்கலாம்னா மொட்டைமாடிக்குப் போகணும். மொட்டைமாடிக்கு வர்றியான்னு கேக்கறதுக்கே வாயத் திறக்கணும்ல?" அவள் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. "எங்கப்பா செத்த நாள் வந்துச்சு போன மாசம். நீ பால்கனில நின்ன. சுவத்துக்கு அந்தப் பக்கமாவது நிப்பன்னு பாத்தேன். அந்தக் கோடில போய் நின்னுட்ட."

அவன் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளும் உட்கார்ந்தாள். தகடுகளுக்கு நேர் மேலே.

"வாடகை ரொம்பக் குறைஞ்சிருக்கு," என்றான்.

"தெரியும். எனக்கும் வந்துச்சு. பாத்துட்டு க்ளினிக் பாத்ரூம்ல அழுதேன். எனக்கே நிச்சயமாத் தெரியாதது அதுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு."

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பால் வாங்கிட்டு வா," என்றாள்.

"காப்பிக்கா?"

"மக்கு. காய்ச்சறதுக்கு."

அவன் திரும்பியபோது சிவப்புப் பெட்டி திறந்திருந்தது. தன் அம்மா கொடுத்த பித்தளைப் பாத்திரத்தை அவள் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே மடித்துவைத்த புடவைகளும் சான்றிதழ்களும் அப்படியே இருந்தன. அவற்றை அவள் எடுக்கவில்லை. பெட்டியை மூடி, பழைய இடத்தில் வைத்தாள். அவன் பார்த்தான், கேட்கவில்லை.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"எந்தப் பக்கம் பொங்குச்சு?" என்றாள் அவள். "கிழக்கால பொங்கினா நல்லதுன்னு அம்மா சொல்லும்."

"கிழக்குன்னா ரெஜினா அக்கா வீடு."

"ஐயோ. அப்ப அவங்க வாடகைல்ல ஏறும்."

சிரிப்பு வந்தது. முதலில் அவளுக்கு. ஒரு டம்ளர் பாலை அவன் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். ரெஜினா வாங்கிப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கதவைப் பிடித்தபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சக்கரை பத்தல," என்றாள்.

*

அதற்குப் பிறகு வந்த நாள்கள் சுகமான நாள்கள் என்று சொல்லிவிட முடியாது. பேசத் தொடங்கியதும் சேர்த்துவைத்த சண்டைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. அவன் அம்மா சொன்ன ஒரு சொல்லுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. சாமி படத்தை மாட்ட அவன் ஆணி அடித்தபோது ரெஜினா ஓடிவந்து, "யார்ரா அது, பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்தினாள், பிறகு சுத்தியலை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். அவள் வீட்டில் எதை மாட்டினாள் என்று தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

தரணிதரன் அந்த மாதத்தில் பேசிய அளவு அதற்கு முந்தைய வருடம் முழுக்கப் பேசியிருக்கமாட்டான். பேசிக் களைத்து இருவரும் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போது வருகிற மௌனம் அவனுக்குப் புதிதாக இருந்தது. அதில் அவள் இருந்தாள்.

ஆனால் சிவப்புப் பெட்டி வாசலருகே இருந்தது. அவன் அதை மறுபடி தூக்கிப் பார்க்கவில்லை. ஒருநாள் பெருக்கும்போது நகர்த்த வேண்டியிருந்தது. அதைச் சுற்றிப் பெருக்கினான். போகமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லு என்று கேட்பதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. அவன் ரயிலுக்குப் போன பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் இன்னமும் கதவுக்குள் நிற்கிறாளா? அது அவளுக்குத் தெரியும். இல்லாவிட்டால் தரைக்கல்லுக்கு அடியில் கிடக்கும் அந்தத் தகட்டுக்குத் தெரியும்.

ஒன்றாம் தேதி வந்தது.

ரயிலில் வழக்கமான அமைதி. தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக அடுக்குமாடிகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பால்கனி பால்கனியாக ஒற்றை ஒற்றை ஆட்கள் நின்றார்கள். முன்பெல்லாம் அவர்களைப் பார்த்தால் காற்று வாங்குகிறார்கள் என்று நினைப்பான். இப்போது, சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்களோ என்று தோன்றியது. இந்த ஊரின் வாடகை சரிகிறது, சரிகிறது என்று தொலைக்காட்சி சந்தோஷப்படுகிறதே, அது என்ன சரிவு என்று அவனுக்குத் தெரியும்.

கைபேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. அம்பத்தூர் வந்து, எல்லோரும் இறங்கி, நடைமேடையில் எபினேசர் அவனை உலுக்கும்வரை எடுக்கவில்லை.

"பாருடா. இன்னும் குறைஞ்சிருக்கும், நீ அதிர்ஷ்டக்காரன்."

"குறைஞ்சிருக்கக் கூடாதுடா," என்றான் தரணிதரன்.

எபினேசர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

திறந்தான். எண்ணைப் படித்தான். இலக்கம் இலக்கமாக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையைப்போல மறுபடி படித்தான். ஏறியிருந்தது. போன மாதத்தைவிட மட்டுமல்ல. அவர்கள் குடிவந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த எந்த வாடகையையும்விட அதிகம்.

அவன் நடைமேடையின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். எபினேசர் குனிந்து எண்ணைப் பார்த்தான். அவன் முகம் இழவு வீட்டு முகமாக மாறியது.

"ஐயையோ. மச்சான், டேய்... அழாதடா. மனு போட்டுப் பாக்கலாம். டேய், நீ என்னடா சிரிக்கிற? அழறியா சிரிக்கிறியா, ஒண்ண முடிவு பண்ணு."

தரணிதரன் கையைக் காட்டி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னான். கைபேசியில் சுடர்விழியைக் கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள், எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னால் ஷேர் ஆட்டோவின் சத்தம். கிளம்பிவிட்டாள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, எங்கேயும் நிற்காமல் கிளம்பிவிட்டாள்.

"பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

"ரொம்ப ஏறியிருக்கு."

"ம்."

ஆட்டோக்காரர் யாரையோ திட்டினார்.

"எப்படிக் கட்டறது சுடர்?"

"என்னைக் கேட்டா?" என்றாள். அவள் குரலில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில், பால் பொங்கிய அன்றைய சிரிப்பு இருந்தது. "வரும்போது ஆணி ஒண்ணு வாங்கிட்டு வா. பெரிசா. அந்தக் கடிகாரம் மல்லாக்கப் படுத்திருக்கறதப் பாத்தா எரிச்சலா வருது. கட்டறதப்பத்தி..." ஆட்டோ எதன்மேலோ ஏறி இறங்கியது. "கட்டறதப்பத்திச் சாயங்காலம் வீட்ல பேசிக்கலாம்."